108 வண்டியில் வேலை: மோசமான கேஸுக்குப் பிறகு மனசைப் பார்த்துக்கொள்வது எப்படி

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், திருமயம், பொன்னமராவதி பக்கம் 108 வண்டியில் ஓடுகிறவர்களுக்காக எழுதியது இது. இஎம்டி என்று எல்லாரும் கூப்பிடும் மருத்துவ உதவியாளர், பைலட் எனப்படும் ஓட்டுநர் இருவருக்குமே பொருந்தும். 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் இந்தச் சேவை தொடங்கிய காலத்திலிருந்து வண்டியில் ஆள் கணக்கு இதுதான்: பின்னால் ஒருவர், முன்னால் ஒருவர். தூக்குவதும் இந்த இருவர், பார்ப்பதும் இந்த இருவர், பார்த்ததைப் பேசவும் இவர்களுக்கு இவர்கள்தான். அதனால் கீழே சொல்லும் பெரும்பாலான வேலைகளுக்கு இரண்டு பேர் வேண்டும்.

புதிதாகச் சேர்ந்தவருக்கு சீனியர் சொல்லும் முதல் வார்த்தை, "பழகிடும் தம்பி". பாதி சரி. ரத்தம் பழகும், வாடை பழகும், சைரன் சத்தத்தில் சாப்பிடவும் பழகும். பழகாத சில உண்டு: சின்னப் பிள்ளை, தெரிந்த முகம், நம் வீட்டு ஆளின் வயசும் சாயலும் உள்ளவர், ஏற்றும்போது பேசிக்கொண்டிருந்து வழியில் போனவர், கூட்டம் கை ஓங்கிய இடம். பத்து வருஷ சர்வீஸ்காரரையும் இவற்றில் ஒன்று ஆட்டிவிடும். ஆகவே மாதத்துக்கு எத்தனை கேஸ் என்று எண்ணுவதில் பயனில்லை. எந்த மாதிரி கேஸ், அடுத்ததற்கு எவ்வளவு இடைவெளி கிடைத்தது என்பதைப் பாருங்கள்.

இந்த வட்டாரத்துக்கென்று சில கேஸ்கள் இருக்கின்றன. பள்ளி விடுமுறையிலும், மழை முடிந்து தண்ணீர் நிற்கும் மாதங்களிலும், கண்மாயிலும் ஊருணியிலும் குளிக்கப் போன பிள்ளைகள். தை மாதத்தில் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடக்கும் பாதயாத்திரைக் கூட்டம், விடியும் முன்னே இருட்டில் சாலையோரம். தை 3 சிராவயல், மாசி மகத்தில் அரளிப்பாறை என மஞ்சுவிரட்டுப் பணி. பெரிய வீட்டில் தனியாக இருக்கும் வயதானவர்: பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள், பால்காரர் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு அழைப்பார். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று உள்ளே போய், ஒவ்வொரு நிலைப்படியிலும் ஸ்ட்ரெச்சரைத் தூக்கித் தாண்டி வெளியே வருவதற்குள் முதுகும் போகும், நேரமும் போகும். இது போக மதுரை பெரியாஸ்பத்திரிக்கு ரெஃபரல். ஒன்றரை மணி நேரம் பின்னால் இஎம்டியும் நோயாளியும் அழுகிற உறவினர் ஒருவரும் மட்டும். இவை எப்போது வரும் என்று காலண்டரைப் பார்த்தே பாதி சொல்லிவிடலாம். ஆகவே முன்னேற்பாடும் முடியும்.

வண்டி வாங்கும்போது

பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் முதல் பதினைந்து நிமிடம்தான் மனசுக்கு மிகப் பெரிய காப்பு. ஆக்சிஜன் சிலிண்டர் அளவு, சக்‌ஷன் (தொண்டையில் அடைப்பதை உறிஞ்சி எடுக்கும் கருவி) ஓடுகிறதா, கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் அம்பு பேக்கில் பெரியவர், குழந்தை, பச்சிளங்குழந்தை மாஸ்க் மூன்றும் இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். கேஸ் கைவிட்டுப் போன பிறகு மாதக்கணக்கில் அரிப்பது பெரும்பாலும் சாவு அல்ல. "அந்த மாஸ்க் கைக்குக் கிடைச்சிருந்தா" என்ற நினைப்பு. சாமான் சரியாக இருந்தது என்று ரிஜிஸ்டரில் உங்கள் கையெழுத்தோடு இருந்தால் அந்த நினைப்புக்கு வேர் பிடிக்காது. குறை இருந்தால் அதையும் நேரம் போட்டு எழுதி, மேலே சொல்லிவிடுங்கள்.

அடுத்து, கூட வருகிறவரிடம் அன்றைய நிலையை ஒரே ஒரு தடவை சொல்லிவிடுங்கள். "அண்ணே, பாப்பாவுக்கு ரெண்டு நாளாக் காய்ச்சல். சின்னப் பிள்ளை கேஸ் வந்தா மனசு அங்க போயிரும். நான் அம்பு புடிக்கிறேன், அப்பன் ஆத்தாகிட்ட நீங்க பேசுங்க." இவ்வளவு போதும். ஒரு ரகசியச் சொல்லும் வைத்துக்கொள்ளலாம். "தண்ணி எடுத்துட்டு வர்றேன்" என்று ஒருவர் சொன்னால், "எனக்கு இரண்டு நிமிடம் வேண்டும், நீ பார்த்துக்கொள்" என்று மற்றவர் புரிந்துகொள்ள வேண்டும். கூட்டத்துக்கு நடுவில் "என்னால முடியல" என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. இது வரும்.

வெயில் காலத்தில் ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், கூட நீர்மோரோ உப்புப் போட்ட கஞ்சியோ வண்டியிலேயே இருக்கட்டும். தண்ணீர் குறைந்தாலே படபடப்பும் எரிச்சலும் கூடும். அதை மனச் சோர்வென்று நினைத்துக் குழம்புவதுண்டு.

போகும் வழியில்

"பிள்ளை கண்மாய்க்குள்ள விழுந்துருச்சு" என்று அழைப்பு வந்ததும் மனசு படம் ஓட்டத் தொடங்கும். அதற்கு வேலை கொடுக்க வேண்டும். மூன்றே மூன்று விஷயத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள்: முதலில் என்ன செய்வது, கையில் என்ன எடுப்பது, எங்கே கொண்டு போவது. "மூச்சு முதல்ல, அப்புறம் நெஞ்சு அமுக்கணும். குழந்தை அம்பு, சக்‌ஷன். காரைக்குடி ஜி.ஹெச்." பைலட் காதில் விழும்படி சொன்னால் அவரும் தயாராகிவிடுவார்.

பிறகு மூச்சு. நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விட வேண்டும். ஆறு முறை செய்தால் ஒரு நிமிடம். வெளிவிடும் மூச்சு நீளும்போது இதயத் துடிப்பு இறங்கும், விரல் நடுக்கம் குறையும். மூச்சை அடக்கிப் பிடிக்கும் முறைகளைப் பைலட் ஓட்டும்போது செய்ய வேண்டாம். ஸ்டீயரிங்கை இறுக்கிய விரல்களைத் தளர்த்தி, தோளைக் கீழே விட்டு, நீளமாக ஒரு மூச்சு விட்டால் போதும்.

இடத்தில்

கண்ணைக் கட்டுப்படுத்துவது ஒரு கைவேலை. வேலை நடக்கும் இடத்தில் மட்டும் பார்வை இருக்கட்டும்: காற்றுக்குழாய், மார்பு, ரத்தம் வரும் இடம். கரையில் கழற்றிப் போட்ட செருப்பு, ஸ்கூல் பேக், டிபன் பாக்ஸ் இவற்றைப் பார்க்காதீர்கள். இரவில் திரும்ப வருவது பெரும்பாலும் காயம் இல்லை, இந்த மாதிரிச் சின்னச் சாமான்தான். பதிவுக்குத் தேவையான பெயர், வயது தாண்டி "ஒரே பிள்ளையா, என்ன படிக்கிறான்" என்று கேட்க வேண்டாம். கூட்டத்தில் யாராவது போனை நீட்டி வீடியோ காட்டினால் திரும்பிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் அந்தப் படம் சுற்றினால் திறக்காமலே அழித்துவிடுங்கள். நேரில் ஒரு தடவை பார்த்ததைப் படத்தில் பத்துத் தடவை பார்ப்பது, ஆறுகிற புண்ணைக் கிளறுவதுதான்.

வாடைக்கு மூக்கில் தைலம் தடவும் பழக்கம் இருக்கிறது. தடவலாம், ஆனால் வீட்டில் பிள்ளைக்குச் சளி பிடித்தால் தடவும் அதே தைலம் வேண்டாம். வாடையும் நினைவும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு வீட்டில் அந்த டப்பாவைத் திறந்தாலே கண்மாய்க் கரை வந்து நிற்கும். இரண்டு மாஸ்க், வாய் வழி மூச்சு, வேலை முடிந்ததும் புது மாஸ்க் என்பது மேல்.

ரொம்ப நேரம் தண்ணீருக்குள் கிடந்த உடலை "உயிர் இருக்கு, ஏத்துங்க" என்று ஊரே கத்தும் நேரம் தனிக் கஷ்டம். நீரில் மூழ்கியிருந்த நேரமே முடிவைத் தீர்மானிக்கும் மிகப் பெரிய காரணி. ஐந்து நிமிடத்துக்கும் அரை மணிக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வண்டி வரும் முன்பே அந்தக் கணக்கு முடிந்துபோயிருக்கும். இதை மூளையில் வைத்துக்கொண்டு போகிறவருக்குப் பழியுணர்ச்சி குறைவாக ஒட்டும். கூட்டத்திடம் பேசப் போகாமல் ஒரு ஆளிடம் பேசுங்கள். அம்பலம் எனப்படும் ஊர்த் தலைவரையோ வயதில் மூத்தவரையோ பார்த்து, "ஐயா, நாங்க செய்றதை நீங்க பக்கத்துல நின்னு பாருங்க. மத்தவுகளைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க" என்றால் பெரும்பாலும் வேலை ஆகும். வண்டி எப்போதும் வெளியே போகும் திசை பார்த்து நிற்க வேண்டும், பைலட் கையில் சாவி இருக்க வேண்டும். நிலைமை கைமீறினால் கிளம்பிவிட்டு கால் சென்டரில் சொல்லுங்கள், வீரம் வேண்டாம்.

ஒப்படைத்த பிறகு: அந்தப் பத்து நிமிடம்

இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ஆஸ்பத்திரியில் ஒப்படைத்ததும் அடுத்த அழைப்புக்குப் பறக்கிற அவசரம். ஆனால் ரத்தம் பட்ட வண்டியைச் சுத்தம் செய்யாமல் அடுத்த நோயாளியை ஏற்றக் கூடாது என்பது விதி. ஒரு சதவீத ஹைப்போகுளோரைட் கரைசலை ஊற்றினால் பத்து நிமிடம் ஊற வேண்டும். அந்த ஊறுகிற நேரம் உங்களுக்கு உரியது. வண்டி சுத்தத்தில் இருக்கிறது என்று கால் சென்டரில் பதிவு செய்யுங்கள். முதலில் கையுறை, ஏப்ரன் மாட்டிக்கொண்டு, சிந்திய ரத்தத்தைத் துணியாலோ பஞ்சாலோ மூடி, மேலே கரைசலை ஊற்றுங்கள். பின் கதவு இரண்டும் திறந்தே இருக்கட்டும், குளோரின் நெடி நெஞ்சை அடைக்கும். பிறகு கையுறையைக் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, முகத்தில் குளிர்ந்த தண்ணீர் அடித்து, நிழலில் இருவரும் உட்காருங்கள். கொஞ்சம் தண்ணீர், இரண்டு பிஸ்கட்.

பேச மூன்று கேள்வி போதும். என்ன நடந்தது? இப்போது கண்ணில் நிற்பது எது? அடுத்த கேஸுக்குப் போக என்ன வேண்டும்? பதில் "ஒண்ணுமில்ல" என்றால் விட்டுவிடுங்கள், தோண்ட வேண்டாம். கை இன்னும் நடுங்கினால், சுற்றி உள்ளதில் ஐந்து பொருளைப் பார்த்துப் பெயர் சொல்லச் சொல்லுங்கள். தொட்டு உணர்வது நான்கு, காதில் விழுவது மூன்று, மூக்குக்கு இரண்டு, நாக்குக்கு ஒன்று. சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். அந்தக் காட்சியிலிருந்து மனசை இந்த இடத்துக்கு இழுத்து வரும்.

கேஸ் ஷீட்டை அப்போதே எழுதிவிடுங்கள். அழைப்பு நேரம், சேர்ந்த நேரம், பார்த்தபோது மூச்சு இருந்ததா, செய்தது என்ன, எந்த வரிசையில் என்று எழுதுங்கள். பெயரடை வேண்டாம். இரண்டு வாரம் கழித்து "நான் லேட்டா போயிட்டேனோ" என்று தோன்றும்போது அந்தத் தாள்தான் சாட்சி. நினைவு பொய் சொல்லும், தன்னைக் குற்றவாளியாக்கும் பக்கம் சாய்ந்தே சொல்லும். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: ஆஸ்பத்திரிக்கு வெளியே இதயம் நின்றவர்களில் பிழைத்து வீடு திரும்புகிறவர், வசதி நிறைந்த நாடுகளிலேயே சுமார் பத்தில் ஒருவர்தான்.

வீட்டு வாசல்

துட்டிக்கு, அதாவது சாவு வீட்டுக்கு, போய்வந்தால் தலைமுழுகிவிட்டுத்தான் உள்ளே நுழைவது நம் பக்கத்து வழக்கம். தீட்டு என்று நம்பினாலும் நம்பாவிட்டாலும், வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே கோடு போட இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஷூ வெளியே. யூனிஃபார்ம் தனி வாளியில், வீட்டுத் துணியோடு சேராமல். பின்கட்டில் குளியல். வேறு துணி மாற்றியபின்தான் பிள்ளையைத் தூக்குவது. மோசமான நாளில் மட்டும் செய்தால் வீட்டில் பயந்துபோவார்கள். தினமும் செய்தால் சாதாரணமாகிவிடும்.

வீட்டில் என்ன சொல்வது என்று பலருக்கும் குழப்பம். எல்லாம் சொன்னால் அவர்களுக்கும் ஒட்டிக்கொள்ளும், ஒன்றுமே சொல்லாமல் உர்ரென்று இருந்தால் தங்கள் மேல் கோபம் என்று நினைப்பார்கள். "இன்னைக்கு ஒரு கேஸ் சரியில்ல. சொல்ற மாதிரி இல்ல. அரை மணி நேரம் விடு, அப்புறம் நானே வர்றேன்" என்று சொல்லி, அரை மணியில் போய்விட வேண்டும். அப்பத்தா திருநீறு பூசினாலோ, பயந்த கோளாறென்று வேப்பிலை அடிக்கக் கூட்டிப் போனாலோ தடுக்க வேண்டியதில்லை. மனசுக்கு இதம் கிடைத்தால் நல்லது. அதோடு நிறுத்தி மருத்துவரைத் தள்ளிப்போடுவதுதான் தப்பு.

அன்று இரவு தூக்கம் வராது, அது இயல்பு. டாஸ்மாக் வழியாக வீடு திரும்பும் வழக்கம் இந்தத் தொழிலில் அதிகம். குடித்தால் சீக்கிரம் கண் சொக்கும், உண்மை. பின்னிரவில் போதை இறங்கும்போது விழிப்பும் கெட்ட கனவும் சேர்ந்து வரும், பார்த்ததை மூளை அடுக்கி வைக்கிற கனவுத் தூக்கமும் கெடும். மருந்துக் கடையில் சும்மா வாங்கும் தூக்க மாத்திரையும் அப்படியே. சம்பவம் நடந்த முதல் மாதத்தில் இந்த அதிர்ச்சிக் குறிகளுக்கு டயசிபாம் வகை மாத்திரை தரக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2013-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. பதிலாக, போனில் கட்டங்களைப் பொருத்தும் விளையாட்டு ஏதாவது இருபது நிமிடம் ஆடலாம். டெட்ரிஸ் ஆடினால் காட்சி திரும்ப வருவது குறைகிறது என்று 2009 முதல் ஆய்வுகள் வந்துகொண்டிருக்கின்றன. கண்ணால் பொருத்தும் வேலையும் கண்ணில் நிற்கும் காட்சியும் மூளையில் ஒரே இடத்துக்குப் போட்டி போடுவதே காரணம் என்கிறார்கள். செலவில்லை, கெடுதலும் இல்லை.

நைட் ஷிப்டு முடிந்து பகலில் தூங்குகிறவர்கள் வீட்டிலேயே இருட்டான உள்ளறையை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வீடுகளில் அதற்குப் பஞ்சமில்லை, ஆத்தங்குடிக் கல் தரையின் குளிர்ச்சியும் இலவசம். டீயின் வேகம் பாதி குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். படுக்கும் நேரத்துக்கு ஆறு மணி நேரம் முன்னால் கடைசி டீ. ஷிப்டு நடுவில் தூங்கக் கிடைத்தால் இருபது நிமிடம் போதும். நாற்பது, ஐம்பது என்று நீண்டால் ஆழ்தூக்கத்தில் எழுப்பப்பட்டு மந்தமாகிவிடும், அந்த மந்தத்தில் ஸ்டீயரிங் பிடிப்பது ஆபத்து.

ஒரு மாதக் கணக்கு

முதல் சில நாள் காட்சி திரும்ப வருவது, சத்தத்துக்குத் திடுக்கிடுவது, சாப்பாடு இறங்காதது எல்லாம் பெரும்பாலோருக்கு வரும், தானாகக் குறையும். காலண்டரில் சம்பவ நாளைக் குறித்து வையுங்கள். மூன்று நாளுக்கு மேல் நீடித்து வேலையைக் கெடுத்தால் மருத்துவரிடம் காட்டலாம். ஒரு மாதம் தாண்டியும் இருந்தால் கட்டாயம் காட்ட வேண்டும். அப்போது கேட்டுக்கொள்ள வேண்டியவை:

- கெட்ட கனவோ, வேண்டாமலே அந்த நினைப்போ வருகிறதா?
- அதை நினைக்காமலிருக்க வழியையே மாற்றிப் போகிறேனா, அந்தக் கண்மாய்ப் பக்கமே ஒதுங்குகிறேனா?
- எப்போதும் உஷாராக, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடுகிறதா?
- மனுஷரோடு ஒட்டாமல், எதிலும் உணர்வில்லாமல் மரத்துப்போய் இருக்கிறேனா?
- நடந்ததற்கு என்னையோ பிறரையோ பழிப்பது நிற்கவே இல்லையா?

மூன்றுக்கு "ஆமா" என்றால் போங்கள். "நமக்கா அடிபட்டது, பார்த்ததுதானே" என்று தயங்க வேண்டாம். 2013-ல் வந்த டி.எஸ்.எம்.-5 என்ற மனநோய் வரையறை நூலிலேயே, வேலையின் பொருட்டு இவற்றைத் திரும்பத் திரும்ப எதிர்கொள்கிறவர்களையும் மன அதிர்ச்சி நோய் வரக்கூடியவர்களில் சேர்த்துவிட்டார்கள். சிவகங்கை, புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவில் காட்டலாம், மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரையும் பார்க்கலாம். தெரிந்தவர் கண்ணில் படும் கூச்சம் இருந்தால் 14416-க்குப் போன் போடுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலிமானஸ் அது; நாள் முழுக்க, இலவசம், தமிழில் பேசலாம். சாகலாம் போலிருக்கிறது என்ற நினைப்பு தலைகாட்டினால் ஒரு மாதக் கணக்கெல்லாம் பார்க்காமல் அன்றே, தனியாக இல்லாமல், யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

சிகிச்சை என்பது பெரும்பாலும் பேச்சு. அந்தச் சம்பவத்தையே மையமாக வைத்து, பயிற்சி பெற்றவருடன் எட்டு முதல் பன்னிரண்டு அமர்வு வழக்கம். தேவைப்பட்டால் செர்ட்ரலின் போன்ற மாத்திரை. அது வேலை செய்யச் சில வாரம் ஆகும், பத்து நாளில் பலனில்லை என்று நிறுத்திவிடக் கூடாது.

மேற்பார்வையாளருக்கு

பெரிய விபத்துக்கு மறுநாள் எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்து, ஒவ்வொருவராக நடந்ததைச் சொல்ல வைப்பது நல்லது என்று நினைக்கலாம். 1983-ல் அமெரிக்காவில் ஜெஃப்ரி மிட்செல் இந்த முறையை மீட்புப் பணியாளர்களுக்கென்றே வடிவமைத்தார். பிறகு வந்த சோதனைகளில், ஒரே அமர்வில் இப்படிக் கட்டாயமாகப் பேச வைப்பது பின்னால் வரும் மன அதிர்ச்சி நோயைத் தடுக்கவில்லை, சிலருக்குக் கூட்டவும் செய்தது. உலக சுகாதார நிறுவனமும் இதைப் பரிந்துரைப்பதில்லை. செய்ய வேண்டியது எளிது: அடுத்த ஒன்றிரண்டு மணி நேரம் அந்த வண்டிக்குக் குழந்தை கேஸ் போகாமல் பக்கத்து வண்டிக்குத் திருப்பப் பாருங்கள். சாப்பிட்டார்களா என்று கேளுங்கள். மூன்றாம் நாளும் மூன்றாம் வாரமும் தனியாகப் போன் போடுங்கள். மூன்றாம் வாரத்தில் யாரும் கேட்பதில்லை, தேவை அப்போதுதான் அதிகம். சொந்த ஊர் எல்லைக்குள் ஓடுகிறவருக்கு உறவுக்காரர் கேஸ் வந்தால், சிகிச்சையைப் பக்கத்து வண்டியிடம் கைமாற்றிக் கொடுக்க அனுமதி முன்கூட்டியே இருக்கட்டும்.

பைலட்டை யாரும் கேட்பதில்லை. "அவரு வண்டிதானே ஓட்டுனாரு" என்பார்கள். ஒன்றரை மணி நேரம் பின்னாலிருந்து வரும் அழுகையை முகம் பார்க்காமல் கேட்டுக்கொண்டு ஓட்டியவர் அவர். பின்னால் என்ன நடந்தது என்று இஎம்டி இறங்கியதும் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் மீதியை அவர் மனசு கற்பனை செய்துகொள்ளும். மனநல மருத்துவரிடம் போகும் பைலட் உட்கார்ந்ததுமே "வேலை, ஆம்புலன்ஸ் ஓட்டுறது; நைட்டும் உண்டு" என்று சொல்லிவிட வேண்டும். சில மாத்திரை தொடக்கத்தில் தூக்கம் தட்டும். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை ஸ்டீயரிங்கைத் தொடாமல் லீவோ பகல் ஷிப்டு மாற்றமோ கேட்டு வாங்க வேண்டும். அந்த மருந்துச் சீட்டை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.